பொம்மையை அழ வைத்த வாண்டு

"அழு! அழு!"

மழலையர் பள்ளியின் பொம்மை மூலையில், மூன்று வயது வாண்டு ஒரு பொம்மையின் உள்ளங்காலைச் சுண்டிக்கொண்டிருந்தான். டீச்சருக்குப் பகீரென்றது.

பிரின்சிபாலிடம் மல்லுக்கு நின்று அவள் வாங்கிய மூலை அது. "பையன் கையில பொம்மையைக் குடுத்தா பிச்சு எறிவான். அது ரத்தத்துல வர்றது" என்பது பிரின்சிபாலின் கட்சி. "பொறந்தது பாதின்னா, நாம வளர்க்கிறது மீதி மேடம். பையனும் பாசமா வச்சுப்பான், பாருங்க" என்று டீச்சர் சூளுரைத்திருந்தாள். இன்று மதியம் பிரின்சிபால் பார்க்க வருகிறார். தோற்றால் பொம்மைகள் பெண்பிள்ளைகளுக்கு, பையன்களுக்கு லாரிதான்.

"கண்ணா, பாப்பாவுக்கு வலிக்கும்ல?"

"வலிச்சாத்தான் அழும்" என்றான் வாண்டு.

டீச்சருக்குத் தூக்கிவாரிப்போட்டது. மொட்டைப் பிளாஸ்டிக்கைப் பார்த்து யாருக்குத்தான் இரக்கம் வரும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, மெத்தென்ற பஞ்சு பொம்மையைக் கொடுத்தாள். அவன் அதைக் குப்புறப் போட்டு, துண்டால் முதுகைப் பரபரவென்று தேய்த்தான்.

கடைசியாக, அமுக்கினால் அழும் பொம்மையை எடுத்து வந்தாள். அழுகையைக் கேட்டால் கல்லும் கரையுமே! பொம்மை வீலென்று அலறியது. வாண்டு கைகொட்டிச் சிரித்தான்.

"அழுதுடுச்சு! அழுதுடுச்சு!"

பிறகு அதைத் துண்டில் மூட்டையாகக் கட்டிப் பக்கத்துச் சிறுமியிடம் நீட்டினான். "இந்தா, உன் பாப்பா. அடுத்தது!"

அடுத்தது வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாத பெண்பிள்ளைகள்கூட ஆளுக்கொரு பொம்மையின் காலைச் சுண்டி, "அழு! அழு!" என்று கத்த ஆரம்பித்தார்கள்.

பிரின்சிபால் வாசலில் வாயைப் பிளந்து நின்றார். "இதுதான் பாசமா? பூனை மாதிரி இருந்த பொண்ணுங்களையும் கெடுத்துட்டானே!"

டீச்சருக்கு அழுகை முட்டியது. மூலை போனால் போகட்டும். இந்தப் பிள்ளை வீட்டில் எதைப் பார்த்து வளர்கிறதோ!

பிள்ளையைக் கூட்டிப்போக அப்பா வந்தார். கடா மீசை, உலக்கை போன்ற கைகள். "பார்த்தியா, ரத்தம்!" என்று கிசுகிசுத்தார் பிரின்சிபால்.

"சார், வீட்ல யாராவது... குழந்தைங்களை அடிச்சு அழ வைக்கிறாங்களா?"

"அழ வைக்கிறதா? அது நான்தான்" என்றார் அவர் கூசாமல். "ஆனா வீட்ல இல்ல, வேலையில. தினமும் நாலஞ்சு குழந்தைங்க."

பிரின்சிபால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். டீச்சரின் கை போனைத் தேடியது.

அவரோ மகன் கட்டிய மூட்டையை வாங்கிப் பார்த்து, "தலையையும் மூடணும்டா, குளிரும்ல?" என்றார். பிறகு நிமிர்ந்தார்.

"பிரசவ வார்டுல நர்ஸா இருக்கேன் மேடம். வீட்ல பொம்மையை வச்சு ஜூனியருங்களுக்குச் சொல்லித் தர்றப்போ, இவனும் பக்கத்துல உக்காந்திருப்பான். பொறந்த பிள்ளை அழலேன்னா உயிரு தங்காதுல்ல?"