மாஸ்டர் படங்களுக்கு நான் வைத்த பொட்டு

படம் பார்க்கத் தெரிந்த ஆள் பெங்களூரில் என்னை விட்டால் கிடையாது. இதை நானே சொல்லக்கூடாதுதான். வேறு யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்களே, என்ன செய்வது?

மூன்றாம் வகுப்போடு சிலேட்டைத் தூக்கிப் போட்டவன் நான். இன்றைக்கு ஆஸ்டின் டவுனில் ஒன்று, நீலசந்திராவில் ஒன்று என்று இரண்டு பிரேம் கடை. மூன்றாவதும் திறக்கப் போகிறேன் (பத்து வருஷமாகத் திறக்கப் போகிறேன்). மாசி போய்ப் பங்குனி பிறந்து, கப்பன் பார்க் மரங்கள் இலையை உதறிவிட்டுப் பூவோடு மட்டும் நிற்கிற நாட்களில் இந்த ஊரில் மண்டபத்துக்கு மண்டபம் சித்திரக் கண்காட்சி தொடங்கிவிடும். "எத்திராஜண்ணே, இந்த வருஷம் எதுக்குப் போகலாம்?" என்று என்னைத்தான் வந்து கேட்பார்கள். நானும் சொல்வேன்: பிரேமின் மூலை நாலும் இடைவெளி இல்லாமல் ஒட்டியிருக்கிறதா பார், கண்ணாடியில் குமிழ் இருக்கிறதா பார். இரண்டும் சரியென்றால் உள்ளே இருக்கிற படமும் சரியாகத்தான் இருக்கும். இதுவரை ஒருத்தரும் திரும்பி வந்து சண்டை போட்டதில்லை. (திரும்பி வந்ததும் இல்லை.)

போகக்கூடாத கண்காட்சி எது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்: எனக்கு முன்கூட்டியே கதவைத் திறந்துவிட்ட கண்காட்சி.

சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். எனக்கு வயது இருபத்தாறு. கடை என்றால், நான் உள்ளே நின்றால் வாடிக்கைக்காரர் வெளியே நிற்க வேண்டிய கடை. சாமி படம், கல்யாணப் போட்டோ, காலமானவர் போட்டோ. இந்த மூன்றுக்குத்தான் அப்போது ஜனங்கள் பிரேம் போட்டார்கள். மூன்றுக்கும் எனக்கு ஒரே வழக்கம். வேலை முடிந்ததும் பிரேமின் வலது கீழ் மூலையில் ஒரு குங்குமப் பொட்டு. பொட்டு வைக்காமல் என் கடைப் படியை ஒரு பிரேம் தாண்டினது கிடையாது. மாதா படத்துக்கும் வைப்பேன். பின்தெரு அந்தோணியம்மா அதை முந்தானையால் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டு போவார். இரண்டு பேரும் தப்பாக நினைத்ததில்லை.

எங்கள் தெருவில் தாமோதரன் என்று ஒரு டிராயிங் மாஸ்டர் இருந்தார். அந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் டிராயிங் வகுப்பையே எடுத்துவிட்டார்கள். வகுப்போடு மாஸ்டரும் வீட்டுக்கு வந்துவிட்டார். அதிகம் பேச மாட்டார். அவர் பங்கையும் சேர்த்து அவர் மனைவி சரோஜா பேசுவார். ஒருநாள் இரண்டு பேரும் கடைக்கு வந்தார்கள்.

"அண்ணே, முப்பத்திரண்டு படத்துக்கு பிரேம் போடணும். யுகாதி கழிச்சு அஞ்சு நாள் இவர் கண்காட்சி. புதன்ல இருந்து ஞாயிறு வரைக்கும்" என்றார் சரோஜா. "எங்க அண்ணன் தாவணகெரேல ஒரு பஞ்சாலையில இவருக்கு குமாஸ்தா வேலை பார்த்து வெச்சிருக்கார். திங்கட்கிழமை வரைக்கும்தான் இடத்தைப் பிடிச்சு வெப்பாங்களாம். அதுக்குள்ள நாலு படமாவது வித்தா இவர் இஷ்டத்துக்குப் படம் போடட்டும். விக்கலைன்னா தாவணகெரே. அப்புறம் பிரஷ்ஷைத் தொடவே கூடாது. இவரே ஒத்துக்கிட்டார்."

தண்ணீர் தெளித்த ஆடு மாதிரி மாஸ்டர் தலையை ஆட்டினார்.

"நாலா? என்னம்மா நாலு! என் பிரேமுக்குள்ள உக்காந்தா நாற்பது போகும்" என்றேன்.

"இருக்கறதே முப்பத்திரண்டுதான் அண்ணே."

வாயை மூடிக்கொண்டு அளவெடுத்தேன். அல்சூர் ஏரி, நீலசந்திரா குழாயடி, மழை நின்ற பரேடு மைதானம், தீவனப் பையில் வாயை விட்டுக்கொண்டு நிற்கிற ஒரு ஜட்கா குதிரை. மூன்று வாரம் ராப்பகல் பார்க்காமல் இழைத்தேன். வெள்ளை மரத்தில், பாலிஷ்கூட லேசாக, அப்படி ஒரு வேலை. அதைச் சொல்ல இன்னொருத்தன் பிறந்து வர வேண்டும்.

கப்பன் பார்க்கை ஒட்டி ஒரு பெரிய ஹால். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எல்லாப் படத்தையும் நானே மாட்டினேன். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோதுதான் பகீரென்றது. அவசரத்தில் ஒன்றுக்குக்கூடப் பொட்டு வைக்கவில்லை! ஒரு மனுஷனுடைய பிழைப்பே தொங்குகிறது, முப்பத்திரண்டு பிரேமும் மூளியாக நிற்கிறது.

மறுநாள் காலை ஆறரைக்கே காவல்காரரை எழுப்பிக் கதவைத் திறக்கச் சொன்னேன். குங்குமத்தைத் தேங்காயெண்ணெயில் குழைத்து எடுத்துப் போயிருந்தேன். வைத்தேன் பாருங்கள், முப்பத்திரண்டு பொட்டு! ஒரே அளவு, ஒரே மூலை, ஒரே உயரம். அச்சில் அடித்தால்கூட அப்படி வராது. அந்தக் கைசுத்தம்தான் குடியைக் கெடுத்தது. கொஞ்சம் கோணல்மாணலாக வைத்திருந்தால் அது பொட்டு என்று பார்க்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஏனென்றால் அந்த மாதிரி ஹால்களில் ஒரு வழக்கம் உண்டாம். ஒரு படம் விலைபோய்விட்டால் சங்கத்துக்காரர்கள் அதன் மூலையில் சிவப்புக் காகிதத்தில் ஒரு சின்ன வட்டம் ஒட்டுவார்களாம். சிவப்பு இருந்தால் அந்தப் படம் விற்றாகிவிட்டது, யாரும் கேட்க வேண்டாம் என்று அர்த்தமாம். பிரேம் போடுகிறவனிடம் இதையெல்லாம் எவன் சொல்கிறான்? முதல் கண்காட்சி வைக்கிற மாஸ்டருக்கும் தெரியாது.

பத்து மணிக்கு ரிட்டையரான ஜட்ஜ் ஒருவர் திறந்து வைப்பதாக ஏற்பாடு. சங்கத்துக் காரியதரிசி ராவ் மாலையும் கையுமாக வாசலில் ஜட்ஜுக்குக் காத்திருந்தார். அதற்குள் பெரிய மனிதர்கள் ஒவ்வொருவராக உள்ளே வர ஆரம்பித்தார்கள். நான் இரவல் கோட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு, பெண்ணைப் பெற்றவன் மாதிரி நடுவில் நின்றேன்.

முதலில் வந்தது ஒரு காப்பித் தோட்டத்துத் துரைசானி. குதிரைப் படத்துக்கு முன்னால் கால் மணி நேரம் நின்றார். கைப்பையைத் திறந்தார். அப்புறம் குனிந்து மூலையைப் பார்த்தார். "ஓ, நோ!" என்றார். மூலை வேலையைப் பார்த்துத்தான் மலைத்துப்போகிறார் என்று நான் முன்னால் போய், "ஆல், மேடம்! ஆல்!" என்று நாலு சுவரையும் காட்டினேன். எல்லாம் என் கைவேலை என்று சொன்னேன்.

"ஆல்?"

"ஆல்! மார்னிங் ஃபினிஷ்!"

அந்த அம்மாள் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

பின்னால் ஒரு டாக்டரும் மனைவியும். அவர்களும் பார்த்தார்கள், குனிந்தார்கள், 'ச்சு' கொட்டினார்கள், போனார்கள். அதற்குப் பின்னால் ஒரு மில் முதலாளி. அதே கதை.

மாஸ்டருக்கு முகம் வெளுத்துவிட்டது. "எத்திராஜு, எல்லாரும் மூலையைப் பார்த்துட்டு மூஞ்சியைச் சுளிச்சுக்கிட்டுப் போறாங்களே?"

"பொறாமை மாஸ்டர். நம்ம மூலை அப்படி."

அந்த நேரத்தில் ஜட்ஜை அழைத்துக்கொண்டு ராவ் உள்ளே வந்தார். சுவரைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். "ஏன்ரீ தாமோதரன்! எல்லாம் ஆயித்தா? அதுக்குள்ள வித்துப்போச்சா?" என்று மாஸ்டர் கையைப் பிடித்துக் குலுக்கினார். சங்கத்துப் பொருளாளர் ஒட்டியிருப்பார் என்று ராவ் நினைத்தார். ராவ் ஒட்டியிருப்பார் என்று பொருளாளர் நினைத்தார். ராவ் ஜட்ஜின் காதில் என்னவோ சொன்னார்.

ஜட்ஜ் மேடை ஏறினார். "எத்தனையோ கண்காட்சியைத் திறந்து வைத்திருக்கிறேன். நான் திறக்கிறதுக்கு முன்னாலேயே முழுசும் விற்றுப்போன கண்காட்சி இது ஒன்றுதான்!" என்றார்.

ஹால் இடிந்து விழுகிற மாதிரி கைதட்டல். எல்லோரையும்விட ஓங்கித் தட்டியவன் நான். ஜட்ஜ் தன் கழுத்து மாலையைக் கழற்றி மாஸ்டருக்குப் போட்டார். மாஸ்டரைப் பேசச் சொன்னார்கள். மைக்கைப் பிடித்துக்கொண்டு "ரொம்ப..." என்றார். அவ்வளவுதான், அழுகை வந்துவிட்டது.

சரோஜாவின் அண்ணன் பக்தவத்சலம் ஒக்கலிபுரத்திலிருந்து வந்திருந்தார். 'எப்படியும் தாவணகெரேதான்' என்ற முகத்தோடு பின்வரிசையில் உட்கார்ந்திருந்த மனுஷன். சரோஜா நேராக அவரிடம் போனார். "அண்ணா, இப்பவே தந்தி அடிச்சிடு. இவருக்கு அந்த வேலை வேண்டாம். பாவம், வேற யாருக்காவது குடுக்கட்டும்."

பக்தவத்சலம் பெருந்தன்மையானவர். "என் வாயால படம் வேண்டாம்னு சொன்னேனே, அதே கையால அடிக்கறேன்" என்று என்னவோ தப்புத்தப்பாகச் சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சைக்கிளில் கிளம்பினார்.

"உங்க வாய் முகூர்த்தம் அண்ணே" என்றார் சரோஜா என்னிடம்.

"நாற்பது போயிருக்கும்மா. படம்தான் பத்தலை."

அப்புறம்தான் ராவ் ரசீதுப் புத்தகத்தைத் தேடினார். பொருளாளரிடம் இருந்தது. திறந்தார்கள். முதல் பக்கமே காலி.

"யார் யார் வாங்கினாங்கன்னு நீங்க எழுதலையா?" என்றார் ராவ்.

"ஒட்டினது நீங்கதானே? நீங்கதான் எழுதணும்."

"நான் எங்கே ஒட்டினேன்?" ராவ் கோட்டுப் பையிலிருந்து சிவப்பு வட்டக் காகிதக் கட்டை எடுத்தார். கட்டின நூல்கூட அவிழ்க்கவில்லை. "அப்போ இதையெல்லாம் வெச்சது யாரு?"

இவ்வளவு பெரிய சபையில் என் வேலையை விசாரிக்கிறார்கள்! நான் விடுவேனா? இரண்டு பேரைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனேன்.

"நான்தான் சார். முப்பத்திரண்டும் நானே வெச்சேன். ஒண்ணுகூட விடலை."

"முப்பத்திரண்டையும் நீங்க வாங்கிட்டீங்களா?"

"வாங்கறதா? பொட்டு சார் அது. குங்குமம்!"

ராவ் ஒரு பொட்டைத் தொட்டு விரலை முகர்ந்து பார்த்தார். ஜட்ஜும் தொட்டு முகர்ந்தார். "நல்ல குங்குமம் சார், கலப்படம் கிடையாது" என்றேன். ஒருத்தர் சிரித்தார். ஒருத்தர் தலையில் அடித்துக்கொண்டார். பொருளாளர்தான் எனக்கு அந்தச் சிவப்பு வட்ட சமாச்சாரத்தை விளக்கினார். விளக்க விளக்க, கோட்டுக்குள்ளே எனக்கு வியர்த்து ஊற்றியது.

சரோஜா ஒன்றுதான் கேட்டார். "எங்க அண்ணன் கிளம்பி எவ்வளவு நேரமாச்சு?"

சைக்கிளை எடுத்தேன். அன்று நான் மிதித்த மிதியில் கப்பன் பார்க் மரத்தில் மிச்சமிருந்த இலையும் உதிர்ந்தது. தந்தி ஆபீஸ் வாசலில் பக்தவத்சலம் நிம்மதியாகக் கர்ச்சீப்பால் முகம் துடைத்துக்கொண்டிருந்தார்.

"போயிடுச்சு எத்திராஜ். அர்ஜென்ட் தந்தி. 'வேண்டாம், உடனே வேறு ஆளைப் போடவும்'னு தெளிவா அடிச்சுட்டேன். மரியாதைக்கு 'மிக்க நன்றி'யும் சேர்த்தேன்."

நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். இன்னொரு தந்தி அடித்தோம். வெள்ளிக்கிழமை பதில் வந்தது: வேறு ஆளைப் போட்டாகிவிட்டது.

இந்தப் பக்கம் நான் பொட்டைத் துடைக்கப் போனேன். எண்ணெயில் குழைத்தது, வெள்ளை மரம். துடைக்கத் துடைக்க ஒவ்வொரு பொட்டுக்கும் வால் முளைத்தது. 'படங்கள் விற்பனைக்கு உண்டு' என்று ராவ் வாசலில் போர்டு வைத்தார். ஆனால் எல்லாம் விற்றுப்போன சேதி ஊர் முழுக்கப் பரவியிருந்தது, ஆள் வரவில்லை. தப்பித்தவறி வந்தவர்களும் அந்த வாலைப் பார்த்துவிட்டு, "வாங்கினவங்க ஏன் திருப்பிக் குடுத்துட்டாங்க?" என்று கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கதவைச் சாத்தும்போது விற்ற படம் ஒன்றுகூட இல்லை. மாஸ்டருக்கு நாலு படமும் போகவில்லை, நாற்காலியும் போய்விட்டது. அந்த ஐந்து நாளும் நான் தின்ற சோறெல்லாம் மரத்தூள் மாதிரி இருந்தது.

திங்கட்கிழமை காலை கடை வாசலில் ஒரு தள்ளுவண்டி வந்து நின்றது. தள்ளிக்கொண்டு வந்தவர் மாஸ்டர். பக்கத்தில் சரோஜா. வண்டியில் முப்பத்திரண்டு படம்.

"அண்ணே, அந்த ஹால் வழக்கம் என்ன? சிவப்பு வெச்சா வித்தாச்சு. சரிதானே?"

"சரிதாம்மா."

"வெச்சது யாரு?"

"நான்தான்."

"அப்போ வாங்கினது யாரு?"

கல்லாவைத் திறந்து காட்டினேன். "என்கிட்ட ஏதும்மா அவ்வளவு..."

"இருக்கறப்போ குடுங்க. நாலு வித்தா படம் போடலாம்னு இவர்கிட்ட வாக்கு குடுத்திருக்கேன். நீங்க எடுத்துக்கிட்டா முப்பத்திரண்டும் வித்ததா ஆயிடும். எடுத்துக்கலைன்னா இவர் இன்னிக்கே பிரஷ்ஷைப் பரணையில போட்டுடுவார். சொல்லுங்க."

குரல் கறாராகத்தான் இருந்தது. ஆனால் வண்டியைப் பார்த்தேன். மற்ற படமெல்லாம் சாக்கில் கிடந்தன. அந்தக் குதிரைப் படத்தை மட்டும் தன் பட்டுப்புடவையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். 'எடுத்துக்கறேம்மா' என்று நான் சொன்னபோது மாஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

என் ஒண்டிக்கடையில் முருகனையும் லட்சுமியையும் நகர்த்திவிட்டு அல்சூர் ஏரியை மாட்டினேன். கல்யாணப் போட்டோவுக்கு பிரேம் போட வந்த பேக்கரிக்காரர் நாலு நாள் அதைப் பார்த்துவிட்டு ஐந்தாம் நாள் வாங்கிக்கொண்டு போனார். நீலசந்திரா குழாயடியை நீலசந்திராக்காரர் ஒருத்தரே வாங்கினார். தன் பெண்சாதி அதில் இருக்கிறாள் என்றார். தீபாவளிக்குள் பதினொன்று போய்விட்டது. மாஸ்டர் தினம் வந்து எட்டிப் பார்ப்பார். அப்புறம் உட்கார ஆரம்பித்தார். கறுப்பு வெள்ளைப் போட்டோவுக்கு வர்ணம் போட்டார். அதைக் கேட்டு கன்டோன்மென்ட் முழுக்க ஆள் வந்தது. நீலசந்திரா கடை அந்த வர்ணத்தில் எழும்பினதுதான். (பிரேம் என்னுடையது.) அவர் மகளை என் மூத்தவனுக்குக் கட்டி, சரோஜா எனக்குச் சம்பந்தியானார்.

அன்றிலிருந்து இரண்டு வீட்டிலும் யார் எந்த நல்ல சேதி சொன்னாலும் சம்பந்தி கேட்கிற முதல் கேள்வி: "ரசீதுப் புத்தகத்தைப் பார்த்தாச்சா?" பையன் பரீட்சையில் தேறினாலும் அதே கேள்வி, வரன் முடிந்தாலும் அதே கேள்வி. என் பெண்ணுக்குப் பிரசவமானபோது நர்ஸம்மா வெளியே வந்து "ஆண் குழந்தை" என்றார். சம்பந்தி விடவில்லை, "ரசீதைப் பார்த்துட்டீங்களா?" என்றார். நர்ஸம்மா ஒன்றும் புரியாமல் உள்ளே போய்விட்டு வந்து, "மன்னிச்சுக்குங்க, அது பக்கத்து அறை. உங்களுக்குப் பெண்" என்றார். அதற்கப்புறம் அந்தக் கேள்வியை எதிர்த்துப் பேச எங்கள் வீட்டில் ஆள் கிடையாது.

போன வாரம் கடைக்கு இரண்டு கல்லூரிப் பெண்கள் வந்திருந்தார்கள். சும்மா இருக்க முடியுமா? "தாமோதரன் மாஸ்டரை இந்த ஊருக்குக் காட்டிக் குடுத்ததே நான்தான். முதல் கண்காட்சியில முப்பத்திரண்டு படத்தையும் ஒரே ஆளா வாங்கினவன் நான்" என்று எடுத்துவிட்டேன். அந்தப் பெண்கள் வாயைப் பிளந்தார்கள். மூலையில் உட்கார்ந்து யாரோ ஒரு மாப்பிள்ளையின் கன்னத்துக்கு ரோஜா வர்ணம் தொட்டுக்கொண்டிருந்த மாஸ்டர் பிரஷ்ஷை நிறுத்தவில்லை, தலையும் நிமிரவில்லை.

"ரசீது இருக்கா, எத்திராஜு?" என்றார்.