சைக்கிளுக்கு வயது சொன்னவர்

நான் பிறந்த வருடம் என் அம்மாவுக்கே சரியாகத் தெரியாது. பெரிய வெள்ளம் வந்த வருடம் என்பாள். எங்கள் ஊரில் பெரிய வெள்ளம் நாலைந்து தடவை வந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் தன் வசதிக்கு ஒரு தேதி போட்டுக்கொண்டார். இப்படித் தன் வயதே தெரியாமல் வாழ்ந்து முடிக்கிற ஜனங்களுக்கு நடுவில், எந்த சைக்கிளையும் பார்த்த மாத்திரத்தில் அது பிறந்த வருடத்தைச் சொல்லக்கூடிய ஒரே மனிதர் திருப்பூர் மண்ணரையில் இருந்தார். இந்தியாவிலேயே ஒரே மனிதர் என்றுதான் எழுத நினைத்தேன். இந்தியாவை நான் இன்னும் முழுதாகச் சுற்றி முடிக்கவில்லை என்பதால் விட்டுவிட்டேன்.

ஒரு பனியன் கம்பெனியில் சைக்கிள் ஸ்டாண்டைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. எல்லோரும் ஜாதகக்காரர் என்பார்கள். எண்பதுகளின் நடுவில் நான் அங்கே அயர்ன் மேஜைக்குப் போய்ச் சேர்ந்தேன். அதற்கு முன் உப்பளத்தில் இருந்தேன், லாரியில் கிளீனராக இருந்தேன், ஓட்டலில் மாவாட்டினேன். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவனுக்குத் திருப்பூர் எந்தக் கேள்வியும் கேட்காமல் வேலை கொடுத்தது. ஓர் அறையில் ஏழு பேர் முறை வைத்துத் தூங்கினோம்.

மற்ற ஸ்டாண்டுகளில் தகர வில்லை கொடுப்பார்கள், எண் இருக்கும். ஜாதகக்காரர் வில்லை கொடுக்கமாட்டார். வண்டிகளை வயது வரிசைப்படி நிறுத்துவார். மூத்தது எதுவோ அது வேப்பமரத்து நிழலில், கோடியில். அடுத்த வருடத்தில் பிறந்தது அதன் பக்கத்தில். அப்படியே இறங்கி இறங்கி வந்து, போன மாதம் வாங்கிய புத்தம்புது வண்டி கேட்டோரம் கொதிக்கிற வெயிலில் நிற்கும். மேனேஜர் புது சைக்கிள் வாங்கிய அன்று அப்படித்தான் நின்றது. சாயங்காலம் சீட்டில் உட்கார்ந்தவர் உட்கார்ந்த வேகத்தில் எழுந்துவிட்டார்.

முதலாளியிடம் புகார் போனது. முதலாளி கவுண்டர் வீட்டுப் பிள்ளை, தோட்டத்தை விற்று மெஷின் வாங்கியவர். வந்து பார்த்தார். அவருடைய தகப்பனாரின் பழைய சைக்கிள் நல்ல நிழலில் நிற்பதைக் கண்டார். "முறையாத்தானே நிறுத்தியிருக்காரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மேனேஜர் அந்த மாதமே மொபெட் வாங்கினார். அதை உள்ளே விடவே ஜாதகக்காரர் மறுத்துவிட்டார். எண்ணெய் குடிக்கிறதுக்கெல்லாம் ஜாதகம் கிடையாதாம்.

வண்டிகளோடு அவர் பேசுவார். நிழலில் நிற்கும் பழைய வண்டியென்றால், "கொஞ்சம் தள்ளி நில்லுங்க சாமி" என்பார். கேட்டோரத்துப் புதுசு என்றால், "ஏங்கண்ணு, ஸ்டாண்டு போட்டு நிக்கத் தெரியாதா?" ஓட்டி வந்தவர்களுக்கு இந்த மரியாதை எதுவும் கிடையாது. அவர்கள் வெறும் பாரம்.

வயது பார்க்கும் முறையும் ஒரு சடங்கு மாதிரி இருக்கும். முதலில் வண்டியைத் தலைகீழாகக் கவிழ்ப்பார். கட்டைவிரலை நாக்கில் தொட்டு, சீட்டுக்குக் கீழே குழாயில் இருக்கும் அழுக்கைத் தேய்ப்பார். அங்கே ஓர் எண் அடித்திருக்கும். பிறகு பிரேக் கம்பியா ஒயரா, வீல் நடுவில் எண்ணெய் விடும் ஓட்டைக்கு மூடி உண்டா, பிரேமில் ஓடும் தங்கக்கோடு கையால் இழுத்ததா ஒட்டியதா என்று வரிசையாகப் பார்ப்பார். கடைசியில் சுண்டிப் பார்த்துக் காது கொடுப்பார். பளபளக்க வேண்டிய பாகமெல்லாம் கறுப்பாக இருந்தால் யுத்த காலத்து வண்டியாம். நிக்கலுக்குப் பஞ்சம் வந்து, சீமைக்காரன் கறுப்புப் பெயின்ட் அடித்து அனுப்பினானாம். பெயின்டைச் சுரண்டி அவர் அதைச் சொல்லும்போது, யுத்தத்தில் நாமும் ஏதோ இழந்துவிட்டது போல இருக்கும்.

முதலாளியின் மகன் ஒரு தடவை வளைந்த ஹேண்டில் போட்ட ரேஸ் சைக்கிளில் வந்து இறங்கினான். சிங்கப்பூரிலிருந்து புதுசாக வந்ததாம், பெரிய விலையாம். ஜாதகக்காரர் குழாயைத் தடவினார். பெயின்டுக்கு அடியில் கியர் கம்பி பிடித்திருந்த பழைய தழும்பு ஒன்று தட்டுப்பட்டது. "தம்பி, இவிங்க உங்களுக்கு அண்ணன் முறைங்க" என்று சொல்லி, பத்து வண்டி தள்ளி மேலே கொண்டுபோய் நிறுத்தினார். பையன் அப்படியே விற்றவனைத் தேடிப் போனான்.

சாவு வீட்டிலும் அவர் இப்படித்தான். எங்கள் கம்பெனி கட்டிங் மாஸ்டரின் அப்பா இறந்தபோது எல்லோரும் மாலையோடு உள்ளே போனோம். ஜாதகக்காரர் வாசலில் செத்தவரின் சைக்கிள் முன்னால் குத்த வைத்து உட்கார்ந்துவிட்டார். கடைசியில் மாஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பாவைக் காட்டிலும் இவிங்க மூணு வருசம் மூத்தவிங்க. இவிங்களே இன்னும் இருக்காங்க, தைரியமா இருங்க" என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் மாஸ்டர் இரண்டையும் செய்தார்.

அவருடைய ஸ்டாண்டில் எல்லாருக்கும் மூத்தது ஸ்டெல்லாக்காவின் சைக்கிள். முப்பத்தாறாம் வருடத்துச் சீமை வண்டி. அவள் மாமனார் ஓட்டியது, பிறகு புருஷன் ஓட்டியது. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு அவளே ஓட்டினாள். பார் வைத்த ஆம்பளை வண்டி. பெருமாநல்லூரிலிருந்து சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வருவாள். முதல் வாரம் ரோடே சிரித்ததாம். இரண்டாவது வாரம் ரோட்டுக்கு வேறு வேலை வந்துவிட்டது. இரண்டு பெண்பிள்ளைகள் அவளுக்கு. கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் முடியும்போது கடைசி பஸ் போயிருக்கும். சைக்கிள் இருந்தால்தான் ஒன்றரை ஷிப்ட், ஒன்றரை ஷிப்ட் பார்த்தால்தான் வேலை. இல்லாவிட்டால் திரும்பக் காட்டு வேலைக்குப் போக வேண்டியதுதான்.

அந்த சைக்கிள்தான் திருட்டுப் போனது. மூத்தவருக்குரிய மரியாதையோடு நிழலில், கோடியில், ஜாதகக்காரரின் கண்ணுக்கு எட்டாத இடத்தில், காம்பவுண்டுச் சுவர் இடிந்திருந்த ஓட்டைக்குப் பக்கத்தில் அது நின்றிருந்தது. கேட்டோரம் அவர் கண் முன்னால் நின்ற புது வண்டிகளை யாரும் தொடவில்லை.

மறுநாள் அவர் தன் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டுபோய் வேப்பமரத்தடியில் போட்டு உட்கார்ந்தார். கேட்டை யாரும் பார்க்கவில்லை. யார் கேட்டாலும் வயது சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நெருப்பெரிச்சல் என்ற ஊர் வரைக்கும் ஒவ்வொரு சைக்கிள் கடையாக நடந்து தேடினார். ஸ்டெல்லாக்கா ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை. ஒற்றை ஷிப்டோடு பஸ் ஏறிக்கொண்டிருந்தாள். எக்ஸ்போர்ட் ஆர்டர் வந்திருப்பதால் திங்கள்கிழமையிலிருந்து ஒன்றரை ஷிப்ட் பார்க்காதவர்கள் வரவேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை டீக்கடையில் நான் பேப்பரை உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன். சைக்கிள் திருடன் ஒருவன் பிடிபட்டான், நாற்பது வண்டிகள் ஸ்டேஷனில் கிடக்கின்றன, உரியவர்கள் பில்லோடு வரலாம் என்று போட்டிருந்தது. ஜாதகக்காரர் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். முப்பத்தாறாம் வருடத்து வண்டிக்கு யாரிடம் பில் இருக்கிறது?

திங்கள்கிழமை காலை மூன்று பேரும் ஸ்டேஷனுக்குப் போனோம். ஸ்டெல்லாக்கா மத்தியானத்துக்குள் வந்துவிடுவதாகச் சொல்லி அனுமதி வாங்கியிருந்தாள். எட்டாம் வகுப்பு வரை போனவன் என்பதால் நான் படிப்பாளியாகக் கூடப் போனேன்.

திருடனுக்குப் பச்சைப் பெயின்ட் மலிவாகக் கிடைத்திருக்க வேண்டும். நாற்பது வண்டியும் ஒரே பச்சை. சீட்டு, ஹேண்டில், மட்கார்டு எல்லாம் மாறியிருந்தன. சீட்டுக்குக் கீழே எண்ணை அரத்தால் ராவியிருந்தான். ஸ்டெல்லாக்கா பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜாதகக்காரர் வரிசையாகத் தொட்டுக்கொண்டே போனார். இருபத்தாறாவது வண்டியில் நின்றார். குனிந்து அதனிடம் ஏதோ சொன்னார். மன்னிப்பாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

மேஜையில் இருந்த ரைட்டர் ஏட்டையாவுக்கு நம்பிக்கை வரவில்லை. எண்ணும் இல்லை, பில்லும் இல்லை, எதை வைத்துக் கொடுப்பது என்றார். ஜாதகக்காரர் அசையவில்லை. அந்த சைக்கிளைச் செய்த கம்பெனிக்காரன் முன் சக்கரத்தைப் பிடிக்கிற போர்க்கின் குழாய்க்குள்ளும் அதே எண்ணை அடித்திருப்பான் என்றும், கழற்றினால்தான் தெரியும் என்றும் சொன்னார். கழற்றுவதற்கு முன்பே, தேய்த்துத் தேய்த்து மனப்பாடமாகியிருந்த அந்த எண்ணைச் சொல்லி ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளச் சொன்னார். ஸ்பானர் வந்தது. போர்க்கை உருவிக் கிரீஸைத் துடைத்தார்கள். ஏட்டையா காகிதத்தைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், மறுபடி காகிதத்தைப் பார்த்தார். ஓர் எண்கூடப் பிசகவில்லை.

அத்தோடு முடிந்திருந்தால் நாங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பியிருப்போம். ஏட்டையாவுக்கு ஆசை வந்துவிட்டது.

"பெரியவரே, இவ்வளவு விவரமா இருக்கீரு. பின்னாடி என் வண்டி நிக்குது. கல்யாணத்துக்கு மாமனார் குடுத்தது. சுத்தமான சீமை வண்டி, கப்பல்ல வந்தது. எந்த வருசம்னு சும்மா ஒரு வார்த்தை சொல்லும்."

வண்டி வந்தது. மணியில் குஞ்சலம், சீட்டுக்கு உறை, ஸ்போக்குகளில் மஞ்சள் குங்குமம். ஸ்டெல்லாக்காவின் பேப்பர் இன்னும் கையெழுத்தாகாமல் மேஜையில் கிடந்தது. ஜாதகக்காரர் கட்டைவிரலை நாக்கில் தொட்டார். தேய்த்தார். சுண்டினார். அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவர் காதோரம் போய், "அண்ணாச்சி, ஏதாவது ஒரு வருசத்தச் சொல்லிருங்க, அந்தம்மா பொழப்பு" என்று முணுமுணுத்தேன். அவர் நிமிர்ந்தார்.

"ஏட்டையா, இது ஒரு வண்டியில்லீங்க. நாலு வண்டிங்க."

ஏட்டையா மேஜைக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"போர்க் அம்பத்தாறுங்க. பிரேம் அறுவத்தெட்டு, அதுவும் நம்மூரு. பின் வீலு எழுவத்தொண்ணு. ஹேண்டில் மட்டுந்தானுங்க சீமை."

"கப்பல்ல வந்ததுன்னாரே எங்க மாமனார்?"

"ஹேண்டில் வந்திருக்குமுங்க. மிச்சமெல்லாம் பஸ்ஸு மேல வந்திருக்கும்."

ஸ்டெல்லாக்கா கண்ணை மூடிக்கொண்டாள். நான் வாசல் எத்தனை அடி தூரத்தில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டேன். ஏட்டையா மெதுவாக எழுந்தார். மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்து ஜாதகக்காரரின் இரண்டு கைகளையும் பிடித்தார்.

"பன்னெண்டு வருசமா நானும் சொல்றேன். ஊட்டுல ஒருத்தரும் நம்பல பெரியவரே. எங்கப்பாவையே சந்தேகப்படுறியான்னு மூணு நாள் சோறு போடல அவ."

அவர் கண் கலங்கியிருந்தது. அதை அப்படியே எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார். ஜாதகக்காரருக்கு எழுதத் தெரியாது. என் படிப்பு பயன்பட்ட நாள் அது ஒன்றுதான். 'மேற்படி சைக்கிளானது ஒரு சைக்கிள் அல்ல, நான்கு சைக்கிள்கள் என்று இதன் மூலம் உறுதி கூறுகிறேன்' என்று எழுதினேன். கீழே பெயர் கேட்டதும் ஜாதகக்காரர் ஏதோ ஒரு பெயர் சொன்னார், கைநாட்டு வைத்தார். அந்தப் பெயர் அவருக்குக் கொஞ்சம்கூடப் பொருந்தவில்லை. இப்போது மறந்தும்விட்டது. ஏட்டையா அதை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் பத்திரப்படுத்தினார். அதன் பிறகுதான் ஸ்டெல்லாக்காவின் பேப்பரில் கையெழுத்துப் போட்டார். பில் என்ற பேச்சே வரவில்லை. உருவிய போர்க்கையும் திரும்ப மாட்டிக் கொடுத்தார்கள்.

வெளியே வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. பஸ்ஸைக் காணோம். மத்தியானத்துக்குள் போகாவிட்டால் ஸ்டெல்லாக்காவின் இடத்தில் வேறு ஆளை உட்கார வைத்துவிடுவார்கள். அவள் சேலையைச் செருகிக்கொண்டு பச்சை சைக்கிளில் ஏறினாள்.

"ஏனுங்ணா, கேரியர்ல ஏறுங்க. போலாம்."

"நீங்க போங்க அம்மணி. நான் நடந்தே வந்துர்றேன்."

"உங்களை விட்டுட்டுப் போகமாட்டேனுங்க. ஏறுங்க."

அவர் கேரியரைச் சுற்றி வந்தார். எந்தப் பக்கம் ஏறுவது என்று தெரியாமல் நின்றார்.

"எனக்கு ஏறிப் பழக்கமில்லீங்க அம்மணி."

"ஓட்டித்தான் பழக்கமா?"

"ஓட்டவும் தெரியாதுங்க. சின்ன வயசுல வாங்க வழியில்லை. அப்புறம் பாத்துட்டே இருந்தாப் போதும்னு ஆயிருச்சுங்க."

ஸ்டெல்லாக்கா சிரிக்கவில்லை. வண்டியைச் சாய்த்துப் பிடித்து, காலை எங்கே வைப்பது, எதைப் பிடிப்பது என்று சொல்லிக் கொடுத்தாள். அவர் உட்கார்ந்தார். சீட்டுக்கு அடியில் இருந்த ஸ்பிரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். வண்டி கிளம்பியதும் ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தார்.

எதிரே யாரோ சைக்கிளில் மணியடித்துக்கொண்டு கடந்து போனார்கள். கண்ணைத் திறக்காமலேயே, "அம்பத்தேழு" என்றார்.

அது சரிதானா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் விழுந்துவிடாமலிருக்க, ஒரு கையை அவர் முதுகில் வைத்தபடி கூடவே ஓடிக்கொண்டிருந்தேன்.