ஆளில்லாத இடத்தில் விளக்கு

மதிப்பிற்குரிய மைத்துனருக்கு,

இங்கு யாவரும் நலம். உங்கள் அக்கா தனியாக எழுதுவார். அதில் என்னைப் பற்றி வருவதைப் பாதியாகக் குறைத்துப் படிக்கவும்.

நன்கு யோசித்து, இன்று காலை ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். இனி எந்த அறையிலும் எந்த விளக்கையும் நான் அணைக்கப் போவதில்லை. மாணவர் விடுதிக் காப்பாளனாக வேலை பார்த்த காலமெல்லாம் அடுத்தவர் விளக்கை அணைத்தே சம்பளம் வாங்கியவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை. ஆகவே இம்முடிவின் கனம் உங்களுக்குப் புரியும்.

காரணம் உங்கள் மருமகள், அதாவது என் மகள்தான். "கிருமிக்குக் காவல் இருக்கிறதெல்லாம் ஒரு வேலையா, வேற இடம் பார்க்கச் சொல்லுங்க" என்று போன முறை சொன்னீர்கள். நானும் தலையாட்டினேன். இப்போது தலையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அவள் வளர்ப்பது கடலில் வாழும், ஒளிவிடும் பாக்டீரியா. அது தனியாக இருக்கும்போது ஒளிவிடாது. கூட்டம் சேர்ந்தால்தான் ஒளிவிடும். விளக்கைப் போடு என்று அதன் மரபணு செய்தி அனுப்பும். ஆனால் சின்ன ஆர்.என்.ஏ. என்று ஒன்று அந்தச் செய்தியின் மேலேயே போய் உட்கார்ந்துகொண்டு, யாரும் படிக்க விடாது. கூட்டம் சேர்ந்ததும் அதுவே ஒதுங்கிக்கொள்ளும். ஆளில்லாத இடத்தில் விளக்கு எதற்கு என்று இந்த வீட்டில் நான் தொண்டை கிழியக் கத்தியதை, அத்தனை பெரிய கடலுக்குள் ஒரு துணுக்கு சத்தமில்லாமல் நடத்திக்கொண்டிருக்கிறது. கேட்டதும் எனக்கு உடன்பிறந்தவரைக் கண்டாற்போல் ஆகிவிட்டது.

சென்ற வாரம் அவள் ஆய்வைத் தொடரலாமா, இழுத்து மூடலாமா என்று முடிவு செய்ய ஒரு குழு வந்தது. அவள் மறந்துவிட்டுப் போன கண்ணாடியைக் கொடுக்கப் போனவன், ஆய்வகத்தில் காத்திருந்தேன். இருட்டறையில் இரண்டு குடுவைகள். இரண்டிலும் பாக்டீரியா கொஞ்சம்தான். ஒன்றில் சின்ன ஆர்.என்.ஏ. உண்டு, அதனால் இருட்டு. மற்றதில் அதை நீக்கியிருந்தாள், ஆகவே தனியாக இருந்தாலும் ஒளிவிடும், உங்கள் அக்கா சமையலறையில் இல்லாதபோது சமையலறை ஒளிவிடுவது போல. குடுவைகளை ஒரு இயந்திரம் குலுக்கிக்கொண்டே இருந்தது. அறையில் ஒருவரும் இல்லை. ஆளில்லாமல் ஒரு மோட்டார் ஓடுகிறது. நான் என்ன செய்திருப்பேன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

குழு உள்ளே வந்தது. கண் இருட்டுக்குப் பழகும் வரை நின்றார்கள். பழகிய பிறகும் இருட்டாகவே இருந்தது. "ரெண்டும் ஒரே மாதிரிதானேம்மா இருக்கு?" என்றார் குழுத் தலைவி. மகளின் குரல் என் பக்கம் திரும்பியது.

"அப்பா, சுவிட்சைத் தொட்டீங்களா?"

"ஆளில்லையேம்மா."

அவள் திட்டவில்லை. இரண்டு குடுவைகளையும் என் கையில் கொடுத்து, மருந்து பாட்டில் மாதிரி ஆட்டச் சொன்னாள். அந்த ஒளிக்குக் காற்று வேண்டுமாம். குலுக்கல் நின்றதால் காற்று தீர்ந்து அடங்கியிருக்கிறது. ஆட்டினேன். வலது கையில் நீல ஒளி எழுந்தது, என் சட்டைப் பொத்தான் தெரிகிற அளவுக்கு. இடது கையை எவ்வளவு ஆட்டியும் இருட்டு அசையவில்லை. அந்தச் சின்னது அப்படிக் காவல் காக்கிறது. நான் ஆட்டுவதை நிறுத்த மறந்துவிட்டேன். இவ்வளவு தெளிவாக யாரும் காட்டியதில்லை என்ற தலைவி, என்னைப் பார்த்து, "இவரு யாரு?" என்றார்.

"எங்க வீட்டுச் சின்ன ஆர்.என்.ஏ.," என்றாள் மகள்.

ஆய்வு தொடரலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கூட்டம் சேர்ந்தால் ஒதுங்கத் தெரிந்த அதனிடம் பாடம் கற்று, நானும் ஒதுங்குகிறேன். வீட்டிலுள்ள சிறியவர்களுக்கு என் ஆசிகள். பெரியவர்களிடம் நான் திருந்திவிட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் அக்காவின் கணவர்

பி.கு.: உறை எடுக்க எழுந்தபோது குளியலறை விளக்கு வீணாக எரிந்துகொண்டிருந்தது. அணைத்தேன். உங்கள் அக்கா உள்ளே இருந்தார். நான் வந்துபோன மறுநாள் ஆய்வகச் சுவிட்சுப் பலகைக்குப் போட்டார்களாம், அதே வகைப் பூட்டு, இப்போது இங்கும் போட்டாயிற்று. சாவி மகளிடம் இருக்கிறது.