பாதிக் கழுத்தில் நிற்கும் விக்கல்

அன்புள்ள மருமகளும், குழந்தைப் புத்தகப் பதிப்பகத்தின் உதவி ஆசிரியருமாகிய சுண்டெலிக்கு,

தாய்மாமன் ஆசியோடு எழுதுவது. அலுவலக விலாசத்துக்கு எழுதும்போது சுண்டெலி என்று எழுதக் கூடாது என்று நீ கண்டித்துச் சொன்னது நினைவிருக்கிறது. கை பழகிவிட்டது, இந்த வயதில் அதைத் திருத்த முடியாது. நானும் உன் அத்தையும் சௌக்கியம். என் இடது முழங்கால் மட்டும் சௌக்கியமில்லை, அதற்கு உன் ஓவியர்தான் காரணம், விவரம் கீழே வருகிறது. புத்தகம் தாமதமாவதில் உன் பெரிய ஆசிரியருக்கு வந்த கோபம் இதற்குள் ஓரளவு இறங்கியிருக்கும் என்று நம்புகிறேன். இல்லையென்றால் இந்தக் கடிதத்தை அவர் கண்ணில் காட்டாதே.

வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டிய உன் முதல் புத்தகத்தின் பின்னட்டைக்கு, எழுதியவரையும் வரைந்தவரையும் பற்றி மூன்று மூன்று வரி வேண்டும் என்றாய். அப்படியே எழுத்தாளர் இன்னும் தராமல் இழுத்தடிக்கும் கடைசி இரண்டு பக்கத்தையும், “நைசாப் பேசி வாங்கிட்டு வந்துடுங்க மாமா, இந்தப் புத்தகம் வரலைன்னா என்னை வேலைல நிரந்தரம் பண்ண மாட்டாங்க” என்றாய். இது ஒரு வேலையா என்று நினைத்தேன். புதிதாக உத்தியோகத்தில் சேருகிறவர்கள் எழுதிக் கொடுத்த விவரமெல்லாம் நிஜம்தானா என்று முப்பத்தொரு வருஷம் வீடு வீடாகப் போய் விசாரித்து அறிக்கை எழுதியவன் நான். வீட்டில் பழைய படிவம் ஒரு கட்டு மிச்சம் இருந்தது. இருபத்து மூன்று கேள்வி. மேலே ‘விண்ணப்பதாரர்’ என்பதை அடித்துவிட்டு ‘ஓவியர்’ என்று எழுதிக்கொண்டு திங்கட்கிழமை காலையில் கிளம்பினேன்.

பழக்கதோஷம், ஆளைப் பார்ப்பதற்கு முன்னால் அக்கம்பக்கத்தில் விசாரித்துவிட்டேன். “இவர் நடத்தை எப்படி? யார் யார் வந்து போகிறார்கள்?” என்று எதிர்க்கடைத் தையல்காரரிடம் நான் கேட்டு வாயை மூடவில்லை, தெரு முழுக்கக் கூடிவிட்டது. மாடிவீட்டம்மா, “எனக்கு அப்பவே தெரியும், ராத்திரி பகலா லைட்டு எரியும்” என்றார். வீட்டுக்காரர் வாடகைப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். ஓவியரின் மனைவி வெலவெலத்துப் போய், “ஐயா, அவரு முயல் வரையறதைத் தவிர ஒரு தப்பும் பண்ணினதில்லீங்க” என்று கும்பிட்டாள். நான் ஒரு பதிப்பகத்துக்காக வந்திருக்கிறேன் என்று சொன்னதை யாரும் நம்பவில்லை. என் முகம் அப்படி.

ஆள் எங்கே என்றால், நாற்சந்தியில் வேலையாக இருக்கிறார் என்றார்கள். தோள்வரை முடியும் துணிப்பையுமாக மரத்தடியில் உட்கார்ந்து எதையாவது வரைந்துகொண்டிருப்பார் என்று நினைத்துப் போனேன். சாலை நடுவில், கொளுத்துகிற வெயிலில், மூக்கில் துணி கட்டிக்கொண்டு ஒருவர் மண்டி போட்டு, ஜனங்கள் கடக்கும் இடத்தில் வெள்ளைக் கோடு அடித்துக்கொண்டிருந்தார். அவர்தான் உன் ஓவியர். இருபது வருஷமாக இதுதான் உத்தியோகமாம். நான் படிவத்தில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டேன். “உங்க படத்துல ஏணி, ஜன்னல், கதவு எல்லாமே கோணலா இருக்கே, ஏன்?” அவர் சிரித்தார். “நாள் பூரா நேர்கோடு சார். ஒரு விரக்கடை சாஞ்சாலும் சூப்பர்வைசர் அழிக்கச் சொல்லிடுவாரு. வீட்டுக்குப் போனதும் கை தன்னால கோணிக்கும். அதுக்கும் ரெஸ்ட் வேணுமில்ல?”

இன்னொன்றும் கேட்டேன். அவர் படத்தில் பெரியவர்களுக்கு முகமே கிடையாது, கவனித்திருக்கிறாயா? செருப்பு, முழங்கால், தொங்குகிற பை, அவ்வளவுதான். அதற்கு அவர், “இங்க மண்டி போட்டுப் பாருங்க சார், தெரியும்” என்றார். நான் சரிபார்க்காமல் எதையும் எழுதுகிறவன் இல்லை. நடுச்சாலையில் மண்டி போட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், சுண்டெலி, உலகம் முழுக்கக் காலாகப் போயிற்று. எனக்குப் பக்கத்தில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு வாண்டு மட்டும்தான் என்னை நேருக்கு நேர் பார்த்து, “தாத்தா, என்ன தொலைஞ்சுபோச்சு?” என்று கேட்டது. அறுபத்து நான்கு வயதில், வளர்ந்த பிறகு முதல் தடவையாக நான் ஒரு குழந்தையின் உயரத்தில் இருந்தேன். மெய்சிலிர்த்துப் போனேன். பிறகு எழுந்திருக்க முடியவில்லை. முழங்கால் பூட்டிக்கொண்டது. நாலா பக்கமும் ஹாரன் அலற, ஓவியரும் ஒரு பஸ் கண்டக்டரும் என்னை மேஜையைத் தூக்குவது மாதிரி தூக்கி ஓரமாக வைத்தார்கள்.

மறுநாள் நொண்டிக்கொண்டே எழுத்தாளரைத் தேடிப் போனேன். நீ கொடுத்த விலாசம் குழந்தைகள் ஆஸ்பத்திரி. பெரிய டாக்டரம்மாவாக இருக்கும் என்று சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். ஒவ்வொரு மாடியாக ஏறி விசாரித்தேன், யாருக்கும் தெரியவில்லை. லிஃப்டில் நாலு தடவை மேலும் கீழும் போய்விட்டேன். ஐந்தாவது தடவை லிஃப்ட் ஓட்டும் அம்மாளிடமே, “இங்க கதை எழுதறவங்க யாரும்மா?” என்று கேட்டேன். “ஷ்” என்றாள். சக்கர நாற்காலியில் இருந்த ஒரு பொடியனும் என்னைப் பார்த்து “ஷ்” என்றான். அவள் ஒரு கையால் பித்தானை அழுத்திக்கொண்டே, குடை விழுங்கிய முதலையைப் பற்றி அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். பேய்முழி முழித்தேன். நாலு தடவை நான் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது உன் எழுத்தாளருக்குத்தான்.

அவளை அங்கே எல்லாரும் லிஃப்ட் அக்கா என்கிறார்கள். எட்டாவதோடு படிப்பு நின்றுபோனவள். ஆபரேஷன் அறை ஏழாவது மாடியில். தரையிலிருந்து ஏழு வரைக்கும் பாதிக் கதை. கதவு திறந்ததும் சட்டென்று நிறுத்திவிடுவாள். “மீதி எறங்கும்போது.” அன்றைக்கு அந்தப் பொடியன், “நான் எறங்குவேனா?” என்று கேட்டான். அவள், “முதலை வாய்க்குள்ள குடை விரிஞ்சு நிக்குது, நீ எறங்காம எப்படி?” என்றாள். அவன் யோசித்துப் பார்த்து, நியாயம்தான் என்பது போலத் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனான். இருபத்து மூன்று கேள்வியில் ஒன்றையாவது அதற்குப் பிறகு கேட்க எனக்கு வாய் வரவில்லை. சாயங்காலம் அவன் இறங்கினான். குடையும் வெளியே வந்தது.

இறங்கி முடிந்த கதைகளை மட்டும் வேலை முடிந்ததும் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறாள். பக்கத்தில் இன்னொரு நோட்டும் இருந்தது, மெலிசாக. அது என்ன என்றேன். “அது பாதிக் கதை சார்” என்று சொல்லி மூடி வைத்தாள். ஊரார் அலமாரியையெல்லாம் திறந்து பார்த்தவன் நான், அதைத் திறக்கச் சொல்லவில்லை.

இப்போது உன் புத்தகத்துக்கு வருகிறேன். உன் ஒட்டகச்சிவிங்கிக்கு வயிற்றில் விக்கல் பிடித்து, அந்த விக்கல் கழுத்தில் ஒவ்வொரு புள்ளியாக ஏறுகிறதே, அந்தக் கதையின் பாதியைக் கேட்டுக்கொண்டு ஆறு வயதுப் பெண் ஒருத்தி பதினெட்டு நாளைக்கு முன்னால் மேலே போனாள். ஆபரேஷன் நடந்தது, பிறகு காய்ச்சல் விடவில்லை, இன்னும் அங்கேயே இருக்கிறாள். முதல் பாதியைத்தான் லிஃப்ட் அக்கா உனக்குக் கொடுத்திருக்கிறாள், எப்படியும் அந்தப் பெண் இரண்டு நாளில் இறங்கிவிடுவாள் என்ற நம்பிக்கையில். “முடிவு உங்களுக்குத் தெரியுமில்ல, என் மருமக வேலை இதுல தொங்குதும்மா” என்று கெஞ்சினேன். “தெரியும் சார். ஆனா அவ கேக்கறதுக்கு முந்தி வேற ஒருத்தருக்கும் சொல்ல மாட்டேன்” என்றாள். கதைக்கும் காய்ச்சலுக்கும் என்னம்மா சம்பந்தம் என்று சட்டம் பேசினேன். “சம்பந்தம் இல்லன்னு எனக்கும் தெரியும் சார். ஆனா சோதிச்சுப் பாக்கத் தைரியம் இல்ல.”

மூன்று நாளாக லிஃப்டுக்கு எதிரே உள்ள பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். ஏழாவது மாடி நர்ஸ் இறங்கும்போதெல்லாம் லிஃப்ட் அக்கா முகத்தைப் பார்ப்பாள், நர்ஸ் இல்லை என்று தலையாட்டுவாள். உன் அத்தை சாப்பாட்டுப் பாத்திரத்தை இங்கேயே கொண்டுவந்து கொடுத்துவிட்டு, எனக்குப் புத்தி பிசகிவிட்டதா என்று ஒரு டாக்டரிடமே கேட்டுவிட்டுப் போனாள். என்னால் ஆகக்கூடியது இதுதான், சுண்டெலி. படிவத்தைக் காலியாகவே அனுப்புகிறேன். அச்சகத்தை நிறுத்தச் சொல். எத்தனை நாளானாலும் அந்த முடிவை நான் கேட்கப் போவதில்லை, நீயும் கேட்காதே. உன் வேலை போனால் பழியை என் தலையில் போடு, உன் பெரிய ஆசிரியர் முன்னால் நானே வந்து நிற்கிறேன், மண்டி போடு என்று மட்டும் சொல்லக் கூடாது. நீ நூறு புத்தகம் போட்டு, ஒன்றிலாவது என்னை நல்லவிதமாக வரையச் சொல்லி, நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஏழு மாடி ஆஸ்பத்திரியின் தரைத்தளத்திலிருந்து,
உன் மாமா

பின்குறிப்பு: மேலே எழுதிய அத்தனையும் ரத்து. அச்சகத்தை நிறுத்தாதே.

கடிதத்தை மடித்துக்கொண்டிருந்தபோது லிஃப்ட் அக்கா கதவிலிருந்து தலையை நீட்டி, “சார், ஏழாவதுல கூப்பிடறாங்க, வரீங்களா?” என்றாள். ஓடினேன். அந்தப் பெண் காய்ச்சல் விட்டு, சக்கர நாற்காலியில், பென்சில் மாதிரி இளைத்துப்போய், அவள் அம்மாவோடு காத்திருந்தாள். “எங்க விட்டோம்?” என்றாள் லிஃப்ட் அக்கா. “அஞ்சாவது புள்ளில” என்றாள் அவள், நேற்றுக் கேட்டவள் போல. கதை ஓடியது. விக்கல் வாய்வழியாக வெளியே குதித்து, ஆகாயத்தில் ஏறி மறைந்தது. தரைத்தளம் வந்தது. கதவு திறந்தது. கதை கேட்டதில் நான் பேனா மூடியைத் திறக்கவே மறந்துபோனேன்.

அந்தப் பெண் இறங்க மாட்டேன் என்றாள். “இது தப்பு. அது தனியா அவ்ளோ மேல போயிருக்கு. பயப்படும். மேலயே விட்டுட்டு வரக்கூடாது. திரும்பி ஒவ்வொரு புள்ளியா எறங்கி வயித்துக்கு வரணும், அங்கதான் அது வீடு.” எல்லா மாடியிலும் ஆட்கள் மணியடித்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். பதினெட்டு நாள் ஒருத்தருக்கும் சொல்லாமல் காப்பாற்றி வைத்திருந்த முடிவை லிஃப்ட் அக்கா அந்த நிமிஷமே விட்டுவிட்டாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நீயே சொல்லும்மா, சார் எழுதிக்குவாரு” என்றாள்.

எழுதி இணைத்திருக்கிறேன், இரண்டு பக்கம். விக்கல் புள்ளி புள்ளியாகக் கழுத்தில் கீழே இறங்குவதையும் வரைய வேண்டும் என்று நாற்சந்திக்குப் போய் நானே சொல்லிவிடுகிறேன். நீ ஒரு எழுத்தைக்கூடத் திருத்தாதே. நான் ஒரு கமா போட்டதற்கே அந்தச் சின்னப் பெண் என்னை மறுபடி ஏழாவது மாடி வரைக்கும் கூட்டிக்கொண்டு போய், முதலிலிருந்து சொல்லிக்கொண்டே இறங்கினாள்.