ஓடிற்றுக்குப் பயந்தவர்

மனிதரில் ஓர் இனம் உண்டு. கடவுளுக்குப் பயப்படாது, மனைவிக்குக்கூட அரைவாசிதான் பயப்படும், ஓடிற் என்கிற கணக்குப் பரிசோதனைக்கு மட்டும் நித்திரையிலும் எழுந்து நிற்கும். இந்த இனத்தை வங்கியிலும் பார்த்திருப்பீர்கள், சங்கக்கடையிலும் பார்த்திருப்பீர்கள். ஆனால் நன்றாகக் கொழுத்து வளர்ந்த ஒன்றைப் பார்ப்பதென்றால் ஒரு பல்கலைக்கழகத்தின் நிதிக்கிளைக்குத்தான் போகவேண்டும். எந்தப் பல்கலைக்கழகம் என்று கேளாதீர்கள். குடாநாட்டில் இல்லாத ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். யாருக்கும் மனவருத்தம் வேண்டாம்.

அங்கே மாணவர் கணக்குகளுக்குப் பொறுப்பாக இருந்தவர் பஞ்சலிங்கத்தார். யுத்தத்தால் பாதை பூட்டி, கொழும்புக்குப் போகிறவர்கள் கிளாலிக் கடலில் இருட்டோடு வள்ளம் ஏறி, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போய்வந்த காலம் அது. ஓடிற்காரர் எவரும் அந்த வள்ளத்தில் ஏறி வரப்போவதில்லை, வருடக்கணக்காக வரவுமில்லை. அதனாலென்ன? வராத விருந்தாளிக்கு வீடு கூட்டி வைப்பவரைப் போல அவர் கணக்குகளைத் துப்புரவாக வைத்திருந்தார். துப்புரவு என்றால், ஒருவருக்கும் ஒரு சதமும் திருப்பிக் கொடுக்காத துப்புரவு. கட்டிய காப்புப் பணத்தைத் திருப்பிக் கேட்டு வருகிறவனிடம் பழைய ரசீதைக் கேட்பார். ரசீதோடு வந்தால் நூலகரின் கையொப்பம் கேட்பார். கையொப்பத்தோடும் வந்து நின்றால் தேத்தண்ணி குடிக்க எழுந்து போய்விடுவார். ஏசமாட்டார். அன்பாகத்தான் துரத்துவார்.

அவரிடம் ஒரு நாள் குருநகர் மக்டலீன் வந்தாள். படிப்பு முடிந்துவிட்டது. ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கும் வேலை கிடைக்கிற மாதிரி இருந்தது. வெள்ளிக்கிழமை நேர்முகத்துக்குப் போகும்போது சோதனையில் சித்தியடைந்த கடிதம் கையில் இருக்கவேண்டும். நிலுவை இல்லை என்று பஞ்சலிங்கத்தார் எழுதினால்தான் அந்தக் கடிதம் வெளியே வரும். மீன்பிடிக்கக் கடலுக்குப் போக வழியில்லாமல் வள்ளத்தைக் கவிழ்த்துவிட்டு இருந்தார் தகப்பன் கிறகோரி. அந்த வீட்டில் இனி அடுப்பு எரிவதென்றால் இந்த வேலையால்தான்.

பஞ்சலிங்கத்தார் ஏட்டைப் புரட்டினார். விடுதிக் கட்டணம் நிலுவையாம். அந்த மாதங்களில் விடுதியில் மாணவர் எவரும் இருக்கவில்லையே, ஷெல்லடிக்கு எழும்பி வந்த எங்கள் பக்கத்துச் சனத்தை அல்லவா அங்கே இருத்தினார்கள் என்று அவள் நினைவூட்டினாள்.

"உம்மடை அறையிலை ஆர் இருந்தது?"

"எங்கடை வீட்டு ஆக்கள்தான், சேர். அம்மாவும் தம்பியவையும்."

"அப்ப அறை காலியில்லைத்தானே, பிள்ளை."

அகதிக்கும் வாடகை போடலாம் என்பது உலகத்தில் வேறு எவருக்காவது தோன்றியிருக்குமா? சொல்லிவிட்டு அவர் தலையைச் சரித்து அவளைப் பார்த்தார், பரிசு கொடுப்பாள் என்று எதிர்பார்த்தவரைப் போல.

வாக்குவாதப்பட்டு மினக்கெட அவளுக்கு நேரமில்லை. தாய் கத்தரீனாவின் தோட்டை அடகு வைத்து, அடுத்த நாளே காசோடு வந்தாள். காசை வாங்கி அலுவலை முடித்துவிட்டால் இந்த இனத்துக்கு என்ன மரியாதை? ரசீதுப் புத்தகம் முடிந்துவிட்டதாம். புதியது கொழும்பிலிருந்து வரவேண்டுமாம். ரசீது இல்லாமல் காசு வாங்கமுடியாது. காசு வாங்காமல் நிலுவை தீராது. ஒரு வெள்ளைத் தாளில் எழுதித் தரும்படி கெஞ்சினாள். வெள்ளைத் தாளா? நாளைக்கு ஓடிற் வந்தால் யார் பதில் சொல்வது?

"எனக்கொரு பிரச்சினையுமில்லை, பிள்ளை," என்றார். "கிளாலியாலை ஒருக்கால் கொழும்புக்குப் போட்டு வாருமன். வரேக்கை ரெண்டு ரசீதுப் புத்தகமும் கொண்டந்தீரெண்டால் எங்களுக்கும் உதவி."

பகிடிக்குச் சொல்லவில்லை. வழி காட்டுகிறோம் என்ற நினைப்பில் மனமாரச் சொன்னார். நேவி சுட்டு மனிதர் செத்துக்கொண்டிருந்த கடலில் ஒரு குமர்ப்பிள்ளையை ரசீதுப் புத்தகம் எடுக்க அனுப்பப் பார்த்தாரே!

மக்டலீன் காசைக் கைலேஞ்சியில் முடிந்தாள்.

"காசை நீங்கள் வாங்காட்டில் போகட்டும், சேர். என்ரை படிப்பை என்னத்துக்குப் பிடிச்சு வைச்சிருக்கிறியள்?"

பஞ்சலிங்கத்தார் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு ஏட்டை மூடினார்.

வெள்ளிக்கிழமை போயிற்று. வேலை வேறொருத்திக்குப் போயிற்று. பஞ்சலிங்கத்தார் அன்றும் நிறைவாகச் சாப்பிட்டார். சாப்பிட்டபடியே மனைவி பராசக்தியிடம் அந்தப் பெட்டையைப் பற்றி உண்மையான இரக்கத்தோடு சொன்னார்:

"பாவம், கெட்டிக்காரி. முயற்சிதான் காணாது."

அவரை மனதுக்குள் நன்றாக ஏசிவிட்டீர்களா? நல்லது, ஏசத்தான் வேண்டும். இனி இந்தப் பக்கத்தைக் கொஞ்சம் கீழே இறக்கிப் பாருங்கள். உங்கள் மேசைக்கு முன்னால் யாரோ ஒரு கையொப்பத்துக்காக வெகுநேரமாக நிற்கிறார்கள்.