கம்மல்காரர் அழிக்காத மாடுகள்

கொமரலிங்கம் சுற்றுவட்டாரத்தில் அத்தனை மாடுகளின் நம்பரும் தெரிந்து, ஒரு மனிதரின் பெயர்கூடத் தெரியாத ஒரே ஜீவன் எங்கள் கம்மல்காரர்தான்.

அரசாங்கக் கணக்குக்காக மாட்டின் காதில் மஞ்சள் வில்லை குத்துவது அவர் வேலை; அதில் வந்த பட்டப்பெயர்தான் கம்மல்காரர். ஒப்பந்த ஊழியர். பன்னிரண்டு இலக்க எண்ணை அவர் போனில் ஏற்றுவார். கால்நடை மருந்தகத்தில் உட்கார்ந்துகொண்டு நான் அதைக் கம்ப்யூட்டரில் சரிபார்ப்பேன். ஒருமுறை ஓர் எருமை அவரை வாய்க்காலில் தள்ளிவிட்டது. கழுத்தளவு தண்ணீரில் நின்றபடி, "வில்லை நல்லா உக்காந்துருச்சு, பாத்துக்க கண்ணு" என்று எனக்குப் போன் செய்தார்.

ஒரு கல்யாணத்தில் பெண்ணின் அப்பா இவரைக் கும்பிட்டு, "ஏனுங்க, என்னைத் தெரியுதுங்களா?" என்றார். கம்மல்காரர் வெகுநேரம் விழித்தார். பிறகு முகம் மலர்ந்தது.

"கடைசி நம்பரு நாலு நாலு ஏழு ஒண்ணு! கழிச்சல் நின்னுதுங்களா?"

"எனக்கில்லீங்க, மாட்டுக்குங்க!" என்று அந்த மனிதர் பந்தி முழுக்க விளக்க வேண்டியதாயிற்று.

பிறகு மாட்டு அம்மை வந்தது. உடம்பெல்லாம் கட்டி கட்டியாகக் கிளம்பி, எங்கள் பக்கம் மாடுகள் விழுந்தன. செத்த மாட்டின் எண்ணைப் போனில் 'இறப்பு' என்று மாற்றிக் கணக்கிலிருந்து அழிப்பதும் கம்மல்காரர் பொறுப்புதான். தினமும் போனார், வந்தார். சாப்பாட்டைத் திறக்காமலே திருப்பி எடுத்துப்போனார்.

ஒருநாள் ஈஸ்வரியக்கா போனை நீட்டிக்கொண்டு மருந்தகத்துக்குள் நுழைந்தார். ஒற்றை மாட்டை வைத்துப் பிழைத்தவர்.

"செத்த மாட்டுக்குத் தடுப்பூசி போடோணும்னு மெசேஜ் மேல மெசேஜா வருதுங்க. எத்தன தடவதானுங்க நான் அழுகறது?"

மூலையில் உட்கார்ந்திருந்த கம்மல்காரர் எழுந்து நின்றார். "நான் அழிக்கலீங்க. ஒரு மாட்டக்கூட அழிக்கலீங்க. கை வரலீங்க."

பதினேழு மாடுகள் அவர் போனில் உயிரோடிருந்தன.

"அழிச்சுப்போடுங்க, சாமி" என்றார் ஈஸ்வரியக்கா, குரலைத் தணித்து.

தன் போனைத் திறந்த கம்மல்காரர் நிமிர்ந்தார். "பேரென்னங்க அதுக்கு?"

"செவலை."

"செவலை" என்று சொல்லிவிட்டு அழுத்தினார். அன்றிலிருந்து மூன்று நாள், மீதிப் பதினாறு வீட்டுக்கும் நடந்தே போய், பெயர் கேட்டுக் கேட்டு அழித்தார். செத்த மாடுகளை அத்தனை நாள் உயிரோடு காட்டியது தவறான பதிவு என்று மேலிடம் அவர் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போய்விட்டார்.

அடுத்த வருடம் ஈஸ்வரியக்கா ஒரு கன்று வாங்கினார். வில்லை குத்தப் புது ஆள் போனபோது கட்டுத்தறியை மறித்து நின்றுகொண்டார்.

"அவரு வரட்டுங்க. அப்பறம் குத்திக்கலாம்."

நான்தான் போன் செய்தேன். கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு, மூன்று பஸ் மாறி வந்தார். பாதி ஆளாகியிருந்தார். புது ஆள் குத்தும்வரை கன்றை அணைத்துப் பிடித்துக்கொண்டார். எண்ணைப் பார்க்கவே இல்லை.

ஈஸ்வரியக்கா சோறு போட்டார். அவர் நிதானமாகச் சாப்பிட்டு முடிக்கும்வரை, எனக்கும் அக்காவுக்கும் வேறு வேலையே இருக்கவில்லை.