என் குரலில் மூன்று நாள் போயா

என் குரல் இனிமையானது என்று ஒரு காலத்தில் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கையால்தான் கண்டியில் ஓர் அலுவலகம் மூன்று நாள் முடங்கிக் கிடந்தது.

தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு இயந்திர உதிரிப்பாகங்கள் விற்கும் இடம். தினமும் நாவலப்பிட்டியிலிருந்து ரயிலில் போய் வருவேன். தகுதிகாண் காலம் முடிய ஒரு வாரம்தான் இருந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பழைய தொலைபேசி இணைப்பு கரகரக்கிறது, வேறு நிறுவனத்துக்கு மாறலாம் என்று முகாமையாளர் சிவபாலன் சேரிடம் யோசனை சொன்னது நான்தான். (அதிகப்பிரசங்கி என்று அம்மா சும்மாவா சொல்வார்?)

வேலைக்கு இடைஞ்சல் இல்லாமல் பௌர்ணமிப் போயா விடுமுறையன்று புதிய நிறுவனத்தின் டெக்னீஷியன் வந்தார். அலுவலகத்தைத் திறந்துவிட நான் போனேன். விடுமுறை நாளில் அழைப்பவர்களுக்கு ஓர் அறிவிப்பைப் பதிந்து வைக்கலாம் என்றார். மற்ற மொழிகள் பிறகாகட்டும், முதலில் தமிழ் என்று நானே தேனொழுகப் பேசிக் கொடுத்தேன். அதை அன்றைக்கே போட்டும் விட்டார். மறுநாள் காலை அதை நிறுத்த எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்றும் சொல்லித் தந்தாராம். நான் அப்போது என் குரலை நான்காவது தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஓர் அழைப்பும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. எங்களால் வெளியே அழைத்துப் பேச முடிந்தது. மேசைக்கு மேசை அழைத்தால் மணியும் அடித்தது. பன்வில தொழிற்சாலையொன்றின் பெரிய ஓடர் அந்த வாரம்தான் வரவேண்டியிருந்தது. சேர் மணிக்கொரு தடவை ரிசீவரைத் தூக்கிக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, என்னையும் ஒரு தடவை பார்ப்பார்.

வயர்களைக் கழற்றினேன், மாட்டினேன். பெட்டியை அணைத்தேன், போட்டேன். மேசைக்கடியில் தவழ்ந்து சாரியெல்லாம் ஒட்டடை. புதிய நிறுவனத்தை அழைத்து, அரை மணி நேரம் பாட்டுக் கேட்ட பிறகு கிடைத்த சிங்களப் பெண்ணிடம் எரிந்து விழுந்தேன். அவள் அழைத்துப் பார்த்தாளாம். யாரோ ஒரு பெண் எடுத்துத் தமிழில் பேசுகிறாளாம், அதுவும் என்னைவிட மரியாதையாக. இங்கே என்னைத் தவிர வேறு பெண்ணே இல்லை என்று கத்திவிட்டு வைத்தேன். வெளியிலிருந்து ஒரு தடவை அழைத்துப் பார்க்கும் புத்தி மட்டும் வரவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம், குடையும் கையுமாக அம்மா வந்து நின்றார். வேலை நேரத்தில் எங்கள் கைத்தொலைபேசிகள் மேசை லாச்சிக்குள் இருக்க வேண்டும் என்பது சட்டம். அதனால் அலுவலக இலக்கத்துக்கு அழைத்திருக்கிறார்.

"ஆபீஸ் பூட்டுன்னு நீதான் போன்ல சொல்ற. அப்ப தெனமும் காலையில சாரி கட்டிக்கிட்டு எங்கடி போற?"

எல்லோரும் வேலையை நிறுத்தினார்கள். சேர் தன் கைத்தொலைபேசியில் எங்கள் இலக்கத்தை அழுத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தார். "வணக்கம். இன்று போயா விடுமுறை. அலுவலகம் மூடப்பட்டுள்ளது. தங்கள் அழைப்புக்கு நன்றி." எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"குரல் நல்லாத்தான் இருக்கு பிள்ளை," என்றார், யாழ்ப்பாணத்துக்காரரான சேர். "பன்வில ஆக்களும் கேட்டிருப்பினம்."

கேட்டிருந்தார்கள். இரண்டு நாள் கேட்டுவிட்டு வேறு கடையில் வாங்கிவிட்டார்கள். என் தகுதிகாண் காலம் இன்னும் ஆறு மாதம் நீண்டது.

என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் அம்மா முதல் வேலையாகச் சொன்னது இந்தக் கதையைத்தான். அப்போது விழுந்து விழுந்து சிரித்த மனிதரையே கட்டிக்கொண்டேன். இன்றைக்கும் நான் கோபித்துக்கொண்டு உம்மென்று இருந்தால், அவர் பிள்ளைகளைக் கூப்பிட்டு மெதுவாகச் சொல்வார்:

"சத்தம் போடாதீங்க. அம்மாவுக்கு இன்னைக்குப் போயா."